லே போயும் பாங்காங் பார்க்காதவர்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். விமானப்படையில் ஏ.என்.-32 என்கிற போக்குவரத்து விமானம் ஓட்டியவர் என்பதால் ஊர் ஊராகச் சுற்றிய கதைகள் வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் நீங்கள் லே பற்றி எழுதினால் அங்கே அடிக்கிற காற்று வருகிறது, அசாமின் ஜோர்ஹாட் பற்றி எழுதினால் மெஸ் ஆம்லெட் வருகிறது. பாங்காங் ஏரியைக் காணோம், காசிரங்காவின் காண்டாமிருகக் காட்டையும் காணோம். போன வருடம் குடும்பத்தோடு ஐந்து நாள் லடாக் போய்வந்த நானே உங்களைவிட அதிகம் பார்த்திருப்பேன் போலிருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஊர் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்று ஏன் சொல்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். "பைலட்டுக்கு இன்னா, மேகம் வந்தா மெஸ்ல போய் படுத்துக்குவான். டிரான்சிட் கேம்ப்ல பெட்டி மேல குந்திகினு கிடந்தது நாங்கதான்" என்பார். என் அண்ணன் மகள் வேலூரில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம் படிக்கிறாள். விமானப்படையில் போக்குவரத்து விமானம் ஓட்டினால் சம்பளத்தோடு ஊர் சுற்றலாம் என்று நினைக்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

கு., கம்மவான்பேட்டை

*

அன்புள்ள கு.,

அப்பா சொன்னதில் பொய்யே இல்லை. வானிலை கெட்டால் எங்களுக்குக் கட்டிலும் கம்பளியும் உண்டு, அவர்களுக்கு டிரங்குப் பெட்டிதான். ஒரே மேகம்தான் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்திருக்கிறது என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் டிரான்சிட் கேம்ப்பில் நாள் கணக்கில் கிடந்தவரிடம் அந்தச் சமாதானம் எடுபடாது.

நான் ஊர்களைப் பார்க்கவில்லை என்கிறீர்கள். உண்மைதான். பாகாயத்துக்கும் காட்பாடிக்கும் நடுவே தினமும் டவுன் பஸ் ஓட்டுகிறவரிடம் வேலூர்க் கோட்டைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு எவ்வளவு கூட்டம் என்று சொல்வார், ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்துத் தூண்களைப் பற்றிச் சொல்ல மாட்டார். எங்கள் ஊர்ஞானமும் அந்த வகைதான்.

லேவையே எடுத்துக்கொள்வோம். அந்த விமான நிலையம் 10,682 அடி உயரத்தில் இருக்கிறது. நாங்கள் கிளம்புகிற சண்டிகர் ஆயிரம் அடிச் சொச்சம். காற்று மெலிந்த இடத்தில் இறக்கையும் குறைவாகத் தூக்கும், என்ஜினும் குறைவாக இழுக்கும். வெயில் ஏற ஏறக் காற்று இன்னும் மெலியும். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் வேறு காற்று கிளம்பிவிடும். அதனால் அங்கே வேலையெல்லாம் காலையோடு சரி. கிழக்குப் பக்கம் மலை அடைத்துக்கொண்டிருப்பதால் மேற்கிலிருந்து வந்து இறங்கி, வந்த பக்கமாகவே கிளம்ப வேண்டும். சரக்கு இறக்கும்போதும் பெரும்பாலும் என்ஜினை அணைக்க மாட்டோம். அணைத்துவிட்டு, அந்தக் குளிரில் அது மறுபடி கிளம்ப முரண்டு பிடித்தால் அன்றைய திட்டம் அவ்வளவுதான். சரக்கு இறங்கும், லீவில் போகிற ஜவான்கள் ஏறுவார்கள், கதவு மூடும். லேவில் நான் நின்ற நேரத்தில் பெரும்பகுதி இப்படி இருக்கையில் உட்கார்ந்தபடி கழிந்ததுதான்.

நைட் ஹால்ட், அதாவது ராத்திரி அங்கேயே தங்குவது என்று வந்தால் அது பெரும்பாலும் நாங்கள் கேட்டு வாங்கியதாக இருக்காது. ஒரு மே மாதம், கிளம்புகிற நேரத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகுவதை ஃப்ளைட் என்ஜினியர் பார்த்துவிட்டார். மாற்றுச் சாமான் சண்டிகரிலிருந்து அடுத்த விமானத்தில்தான் வர வேண்டும். உள்ளே ஜவான்கள் ஏறி, பக்கவாட்டு கான்வாஸ் பெஞ்சில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, காதில் பஞ்சு வைத்து முடித்திருந்தார்கள். அத்தனை பேரையும் இறக்கச் சொன்னோம். நடுவில் அடுக்கியிருந்த கறுப்பு டிரங்குகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும்போது ஒன்றின் மேல் வெள்ளை பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர், அதற்குக் கீழே குடியாத்தம் என்று இருந்தது. அதன் சொந்தக்காரனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். நான் தமிழில் பேசியதும் அட்டென்ஷனில் நின்றவன் கொஞ்சம் தளர்ந்தான்.

"நாளைக்காவது போவுமா சார்?"

"இன்னாப்பா அவசரம்?"

"ஊர்ல சிரசு சார்."

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் என்றால் குடியாத்தத்துக்காரனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். எனக்கும் வேண்டியிருக்கவில்லை. விரல் விட்டு எண்ணினான். சண்டிகர், டெல்லி, அங்கிருந்து சென்னைக்கு இரண்டு ராத்திரி, அப்புறம் காட்பாடி வழியாக வீடு. மறுநாள் மேகம் இறங்கிவிட்டதால் சாமான் வரவில்லை. அதற்கு மறுநாள்தான் கிளம்பினோம். ஏறும்போது, "தேர் போச்சு சார், சிரசைப் பிடிச்சிடலாம்" என்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறான்.

அந்த இரண்டு நாளில் பாங்காங் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஏரி ஏறக்குறைய 14,000 அடி உயரத்தில் இருக்கிறது. ராணுவத்தில் 9,000 அடிக்கு மேல் பணிக்குப் போகிறவர்களை முதல் கட்டமாக 6 நாள் நிறுத்தி உடம்பைப் பழக்கிய பிறகே மேலே அனுப்புவார்கள். அப்பாவுக்கு இது மனப்பாடமாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் மேலே வந்து, மத்தியானத்துக்குள் கீழே போய்விடுவோம் என்றிருந்த நாங்கள் அப்படிப் பழகியவர்கள் இல்லை. தலைவலி, தூக்கம் கிடையாது, நிமிடத்துக்கொரு தரம் தண்ணீர். அத்தோடு எந்த நேரமும் "சாமான் வந்தாச்சு" என்று போன் வரலாம். கடைத்தெரு வரை போய்வந்ததே பெரிய காரியம். உங்கள் டூர்காரரும் முதல் ஒன்றிரண்டு நாள் ஓட்டலிலேயே ஓய்வாக இருக்கச் சொல்லியிருப்பார். வித்தியாசம் என்னவென்றால் உங்களுக்கு மூன்றாம் நாள் என்று ஒன்று இருந்தது.

இதனாலேயே எங்கள் பையில் எப்போதும் ஒரு செட் துணி, பிரஷ், சோப்பு, மாத்திரை இருக்கும். மத்தியானம் திரும்பிவிடுவோம் என்று நிச்சயமாகத் தெரிந்த நாளில்கூட இருக்கும். அனுபவசாலிகள் கைலியும் வைத்துக்கொள்வார்கள். என்னோடு பறந்த நேவிகேட்டர் ஒருவர் ஊறுகாய் பாட்டில் இல்லாமல் ஏறவே மாட்டார். வரைபடத்தை மறந்தாலும் மறப்பாரே தவிர அதை மறக்க மாட்டார் என்று கேலி செய்வோம்.

ஜோர்ஹாட்டில் கதை வேறு. அங்கிருந்து அருணாசலப் பிரதேசத்தின் மலைக்குள் இருக்கிற சின்னச் சின்ன ஓடுபாதைகளுக்கு அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் கொண்டுபோவோம். மெசுக்கா என்று ஒரு பள்ளத்தாக்கு. அந்தக் காலத்தில் அதன் ஓடுபாதை மண்ணில் பதித்த இரும்புத் தகடுகள்தான். சக்கரம் தொட்டதும் எழுகிற சத்தத்தில் பல் கிடுகிடுக்கும். சாலை சரியாக இல்லாத காலம். ராணுவத்தார் மட்டும் இல்லை, ஊர்க்காரர்களும் அந்த விமானத்துக்காகவே காத்திருப்பார்கள். கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மா, பரீட்சை எழுதப் போகிற பையன், கூடையில் கோழியோடு ஒரு தாத்தா. இருபது நிமிடத்தில் திரும்பவும் கிளம்பியாக வேண்டும். மத்தியானத்துக்குள் மேகம் பள்ளத்தாக்கின் வாயை மூடிவிடும், மூடிவிட்டால் அங்கே திரும்பி வளைய இடம் கிடையாது. மழைக்காலத்தில் ஒரு வாரம் முழுக்க ஜோர்ஹாட்டிலேயே உட்கார்ந்திருப்போம். காசிரங்கா பக்கம்தான். ஆனால் காலை நாலரைக்கு வானிலை அறிக்கை, "ஒரு மணி நேரம் பார்ப்போம்" என்று ஒரு டீ, மறுபடி அறிக்கை, மறுபடி டீ. பத்து மணிக்குமேல் இன்றைக்குப் பறப்பதில்லை என்று முடிவாகும்போது வாய்த்தது அந்த ஆம்லெட். அதைப் பற்றி எழுதாமல் காண்டாமிருகத்தைப் பற்றி எழுதினால் அது நான் பார்த்த ஜோர்ஹாட்டாக இருக்காது.

வெளிநாடும் இப்படித்தான். 2021 ஏப்ரலில் ஆக்சிஜன் தட்டுப்பாட்டின்போது விமானப்படையின் சி-17 என்கிற பெரிய சரக்கு விமானம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் போய், திரவ ஆக்சிஜனுக்கான காலித் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு வங்காளத்தின் பானாகர் வந்து இறங்கியது. ஓட்டியவர்கள் பார்த்த சிங்கப்பூர் அந்தத் தொட்டிகளின் அளவுதான். 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை நடந்தபோது வாடி சைத்னா ஓடுபாதையில் விளக்கு இல்லை, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உதவி இல்லை. சி-130ஜே போக்குவரத்து விமானத்தின் குழு இரவுப்பார்வைக் கண்ணாடியோடு இறங்கி 121 பேரை ஏற்றி ஜித்தாவுக்குக் கொண்டுவந்தது. ஆப்பிரிக்கா போனேன் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளலாம், யார் தடுக்கப் போகிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போனவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியின் கடற்படை பைலட்டுகள். 1992-இல் தொடங்கிய தளம், நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஓடுபாதை. அவர்கள் ஓட்டுவது கடலைக் கண்காணிக்கிற விமானங்கள். முன்பு டி.யு.-142, அது 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றது. 2013-இலிருந்து பி-8ஐ. வங்கக் கடலுக்குமேல் மணிக்கணக்காகச் சுற்றி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, கிளம்பிய அரக்கோணத்திலேயே வந்து இறங்குவார்கள். வழியில் ஓர் ஊரும் கிடையாது. நான் ஒரு ஆம்லெட்டாவது கண்டேன்.

எனக்குப் பிடித்த பயணம் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் போகிற கூரியர், அதாவது ஆளும் சாமானும் ஏற்றிப் போகிற விமானப்படை விமானம். சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுகிற சுகத்துக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வந்தது அதுதான். சாயங்காலம் கடற்கரையில் நடக்க நேரம் கிடைக்கும், மீனும் நன்றாக இருக்கும். 2016 ஜூலை 22 காலை அதே பாதையில் கிளம்பிய ஏ.என்.-32 போய்ச் சேரவில்லை. உள்ளே 29 பேர். சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கு அடியில் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்கள் கண்டறியப்பட்டதாக அறிவிப்பு வந்தது 2024 ஜனவரியில். ஏழரை வருடம். அதன்பிறகு எனக்கு போர்ட் பிளேர் பற்றி எழுத வரவில்லை.

சரி, அண்ணன் மகள் விஷயம். ஊர் சுற்றத்தான் ஆசை என்றால் வேறு வேலை பார்த்து லீவு போடச் சொல்லுங்கள், அதுதான் மலிவு. பறக்கத்தான் ஆசை என்றால் பயப்படுத்த வேண்டாம். 1990-களிலிருந்தே பெண்கள் போக்குவரத்து விமானம் ஓட்டுகிறார்கள். பட்டப்படிப்பில் 60 சதவீதம், பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும், வயது 20-லிருந்து 24-க்குள். இவற்றோடு ஏ.எஃப்.கேட் என்கிற விமானப்படை அதிகாரி நுழைவுத் தேர்வு எழுதலாம். உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், கால் நீளத்தையும் அளப்பார்கள், அதனால் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்துவிடுங்கள். நேர்முகத்துக்கு மைசூரு கிடைத்தால் வசதி, காட்பாடியிலிருந்து நேர் ரயில் உண்டு. அங்கே பைலட் திறனுக்கு என்று கணினியில் ஒரு தேர்வு வைப்பார்கள். அது வாழ்நாளில் ஒரே முறைதான், தவறினால் விமானம் ஓட்டுகிற பிரிவுக்கு மறு வாய்ப்பு கிடையாது. சும்மா பார்ப்போம் என்று போகக் கூடாது, அதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். அப்புறம், போக்குவரத்து விமானம்தான் வேண்டும் என்று இப்போதே தீர்மானிக்க முடியாது. போர் விமானமா, ஹெலிகாப்டரா, போக்குவரத்தா என்பது பயிற்சிக்கு நடுவில், அவள் பறக்கிற விதத்தையும் படைக்கு இருக்கிற தேவையையும் பார்த்து அவர்கள் பிரிப்பது.