கூலிக்குச் சுட்டவனும் கூலி கொடுத்தவனும்: கேள்வி பதில்

போர்க்களங்களில் தனியார் படை நிறுவனங்களின் ஆட்கள் பொதுமக்களைக் கொன்றால் யார் பதில் சொல்வது? திருவாரூர் வாசகர் வட்டத்தில் இதைப் பற்றிப் பேசினேன். நேரம் போதாமல் பலர் கேள்விகளை எழுதிக் கொடுத்துச் சென்றார்கள். முப்பது ஆண்டுகள் டெல்டா மாவட்ட நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்கு நடத்தியவன் என்ற முறையில் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

பாக்தாத்தில் 17 பேரைச் சுட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள், பிறகு வெளியே வந்துவிட்டார்கள் என்றீர்கள். அது எப்படி ஐயா? (கல்லூரி மாணவி, மன்னார்குடி)

2007 செப்டம்பர் 16, நிசூர் சதுக்கம். அமெரிக்க வெளியுறவுத் துறைக்குப் பாதுகாப்பு வேலை செய்த பிளாக்வாட்டர் நிறுவனத்தின் காவலர்கள், போக்குவரத்து நெரிசலில் நின்ற கார்கள் மீது இயந்திரத் துப்பாக்கியாலும் எறிகுண்டாலும் சுட்டார்கள். இறந்தவர்களில் ஒன்பது வயதுச் சிறுவனும் ஒருவன்.

ஈராக் நீதிமன்றம் அவர்களைத் தொட முடியவில்லை. ஈராக்கை அப்போது ஆண்ட அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் 2004இல் பிறப்பித்த 17ஆம் எண் உத்தரவு, வெளிநாட்டு ஒப்பந்ததாரர்களுக்கு ஈராக் சட்டத்திலிருந்து விலக்களித்திருந்தது. அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தபோது வேறு தடை எழுந்தது. வெளிநாட்டில் ஒப்பந்ததாரர் செய்யும் குற்றத்தை விசாரிக்கும் அவர்களுடைய 2000ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புத் துறையின் பணிக்குத் துணைநிற்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இவர்களோ வெளியுறவுத் துறையின் ஆட்கள். அந்த ஓட்டையை வைத்தே எதிர்த்தரப்பு கடைசி வரை வாதாடியது.

அதைவிட என்னை வருத்தியது முதல் சில நாட்களில் நடந்த தவறு. குற்ற வழக்கில் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதியின் பேரில் அந்தக் காவலர்களிடம் வாக்குமூலம் வாங்கிவிட்டார்கள். அந்த வாக்குமூலங்கள் அரசுத் தரப்பு வழக்கில் கலந்துவிட்டன என்று சொல்லி, 2009 டிசம்பர் 31 அன்று நீதிபதி குற்றச்சாட்டையே தள்ளுபடி செய்தார். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2014 விசாரணையில் சாட்சி சொல்ல ஈராக்கிலிருந்து 30 பேர் வாஷிங்டனுக்கு வந்தார்கள். நாகையிலிருந்து தஞ்சாவூர் நீதிமன்றத்துக்கு ஒரு சாட்சியை அழைத்து வருவதற்குள் எத்தனை வாய்தா போகும் என்பதை அறிந்தவன் நான். அந்த முப்பது பேரை நினைத்தால் இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது. விசாரிக்கப்பட்ட காவலர்கள் நால்வரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஒருவருக்கு ஆயுள் தண்டனை. பிறகு மேல்முறையீடு, மறுவிசாரணை, தண்டனைக் குறைப்பு எல்லாம் நடந்தன. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் நால்வருக்கும் மன்னிப்பு வழங்கினார். பதின்மூன்று ஆண்டு உழைப்பு ஒரு கையெழுத்தில் போயிற்று.

சுட்டவனை மட்டும் பிடித்தார்கள். நிறுவனத்தை ஏன் கூண்டில் ஏற்றவில்லை? (விவசாயத் தொழிலாளர் சங்கம், கீழ்வேளூர்)

கீழவெண்மணிக்குப் பக்கத்து ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு வியப்பில்லை. 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் எரிந்தன. 1973இல் மேல்முறையீட்டில் மிராசுதார்கள் விடுதலையானார்கள். அவ்வளவு வசதியானவர்கள் வேலையாட்களை ஏவாமல் தாங்களே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஆள் வைத்துச் செய்வதுதான் வழக்கம் என்றால், ஆள் வைத்தவனைத் தேடியிருக்க வேண்டாமா? தனியார் படை விஷயத்திலும் என் கேள்வி இதுதான்.

பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதர்களைத்தான் விசாரிக்க முடியும், நிறுவனங்களை அல்ல. அதனால் நிறுவனத்தைப் பிடிக்கப் பெரும்பாலும் உரிமையியல் வழக்குதான் வழி. அபு கிரைப் சிறையில் நடந்த சித்திரவதைக்காக அமெரிக்க ராணுவத்துக்கு விசாரணையாளர்களை அனுப்பிய சி.ஏ.சி.ஐ. என்ற நிறுவனத்தின் மீது ஈராக்கியர்கள் 2008இல் வழக்குப் போட்டார்கள். அரசுக்காகச் செய்தோம், எனவே அரசுக்குள்ள பாதுகாப்பு எங்களுக்கும் உண்டு என்று நிறுவனம் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. 2024 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் நடுவர் குழு (ஜூரி) மூவருக்கு 4.2 கோடி டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. சித்திரவதை வழக்குதான் என்றாலும், நிறுவனத்தையே பொறுப்பாக்க முடியும் என்பதற்கு இது சான்று.

கூலிப்படையை உலகச் சட்டம் தடை செய்யவில்லையா? (தஞ்சாவூர்)

கூலிப்படையினன் என்று ஒருவனைச் சொல்ல, 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறை ஆறு நிபந்தனைகள் வைக்கிறது. ஆறும் ஒருசேரப் பொருந்த வேண்டும். போரிடும் நாட்டின் குடிமகனாக இருந்தாலே தப்பிவிடலாம். தனியார் படை நிறுவனங்களைப் பற்றி 2008இல் வந்த மாந்த்ரோ ஆவணம் அரசுகளின் கடமைகளை நன்றாகவே தொகுத்துச் சொல்கிறது. ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

2012இல் துபாய் அருகே நம் மீனவரை அமெரிக்கக் கப்பலிலிருந்து சுட்டுக் கொன்றார்களே, அதுவும் இதே கணக்கா? (மீனவர், நாகப்பட்டினம்)

இல்லை தம்பி. ஜூலை 16 அன்று சுட்டவர்கள் அந்தக் கப்பலில் இருந்த கடற்படைப் பாதுகாப்புக் குழுவினர். அங்கே பதில் சொல்ல வேண்டியது நேரடியாக அமெரிக்க அரசு. யார் சம்பளத்தில் சுட்டான் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

என் மகனுக்கு ஈராக்கில் ஒரு முகாமில் காவலர் வேலை என்று ஏஜென்ட் சொல்கிறார். அனுப்பலாமா? (ஒரு தாய், கூத்தாநல்லூர்)

அம்மா, ஒப்பந்தத்தைக் கையில் வாங்காமல் அனுப்பாதீர்கள். ஏஜென்ட் மத்திய அரசின் பதிவு பெற்றவரா, வேலை தருபவர் யார், துப்பாக்கி கொடுப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். மகன் அங்கே ஒருவரைச் சுட்டுவிட்டால், இந்தியக் குடிமகன் என்பதால் மத்திய அரசின் அனுமதியோடு இங்கேயே அவர் மீது வழக்கு நடத்தலாம். அனுப்பிய முதலாளி அப்போது பக்கத்தில் நிற்க மாட்டார். மகனுக்கே ஏதேனும் ஆனால், அமெரிக்க அரசு ஒப்பந்தத்தில் செய்யும் வேலையாக இருந்தால், எந்த நாட்டவரானாலும் அவர்களுடைய 1941ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். பொதுவாக ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். இது தெரியாமலேயே காலம் கடத்திய குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் 1980களில் படகில் கோடியக்கரை வந்து இறங்கியவர்கள். எங்கள் ஊர் மேல் பறந்த ஹெலிகாப்டரை வெள்ளைக்காரர் ஓட்டினார் என்று அப்பா சொல்வார். உண்மையா? இனி என்ன செய்ய முடியும்? (வேதாரண்யம்)

அந்தக் குறிப்பிட்ட ஹெலிகாப்டரைப் பற்றி நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் உங்கள் அப்பா சொல்வது நடக்கக்கூடாத ஒன்றல்ல. கீனி மீனி சர்வீசஸ் என்ற பிரிட்டிஷ் தனியார் நிறுவனம் 1984 முதல் இலங்கையின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுத்தது. அதன் ஆட்கள் ஹெலிகாப்டர்களும் ஓட்டினார்கள். பிரிட்டிஷ் அரசுக் கோப்புகளிலேயே இது பதிவாகியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2020இல், லண்டன் மாநகரக் காவல் துறையின் போர்க்குற்றப் பிரிவு அந்நிறுவனத்தினர் மீது விசாரணை தொடங்கியது.

அப்பா இருக்கிறாரா? இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். ஊர், நாள், நேரம், ஹெலிகாப்டர் எந்தத் திசையிலிருந்து வந்தது, யார் யார் இறந்தார்கள், கூட இருந்து பார்த்தவர்கள் இப்போது எந்த முகாமில் அல்லது எந்த நாட்டில் இருக்கிறார்கள். தான் கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். நாள் நினைவில்லை என்றால் திருவிழா, அறுவடை என்று ஏதாவது ஒன்றை வைத்துச் சொல்லட்டும். யூகித்துத் தேதி போட வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கி, நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரமாக்குங்கள். வேதாரண்யத்தில் ஆள் இல்லையென்றால் திருவாரூருக்கு அழைத்து வாருங்கள், நானே உடன் வருகிறேன்.