வாளி நாறுகிறதா? சருகைக் கூட்டுங்கள்

கேள்வி: மதுரை திருநகரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கைக்குழந்தையோடு சேர்த்து ஐந்து பேர். பழைய பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு, மொட்டை மாடியில் வைத்து, சமையலறைக் கழிவை உரமாக்கப் பார்த்தேன். இரண்டாவது வாரமே நாற்றம், புழு. கீழே தண்ணீரும் ஒழுகியதால் வீட்டுக்காரம்மா எடுக்கச் சொல்லிவிட்டார். குப்பை வண்டி சில நாள் வருவதில்லை. பக்கத்துக் காலி மனையில் எல்லாரும் எரிக்கிறார்கள். நானும் அப்படியே செய்யலாமா? டயபரை என்ன செய்வது?

பதில்: எரிக்க வேண்டாம். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் வாளியைப் பார்ப்போம்.

சருகு போட்டதாக நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். காய்கறித் தோலில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். அதை மட்டும் போட்டுக்கொண்டே வந்தால், கூழாகி அடியில் படிந்து காற்றை அடைத்துவிடும். காற்றில்லாத இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அந்த அழுகின முட்டை நாற்றம். சருகு இரண்டு வேலை செய்கிறது: ஈரத்தை உறிஞ்சுகிறது, இடையிடையே காற்றுக்கு வழி விடுகிறது. தவிர, நன்றாக மக்குவதற்கு நைட்ரஜன் ஒரு பங்குக்கு கார்பன் 25 முதல் 30 பங்கு வேண்டும். காய்கறியில் இருப்பது அதைவிடக் குறைவு. அந்தக் குறையைச் சருகுதான் ஈடுகட்டும்.

கணக்கெல்லாம் வேண்டாம். ஒரு கிண்ணம் கழிவு போட்டால் அதே கிண்ணத்தால் ஒரு கிண்ணம், மழைக்காலத்தில் ஒன்றரைக் கிண்ணம் சருகு. தெருவில் உதிர்ந்து கிடக்கும் புங்கை, வாகை, வேம்பு எதுவானாலும் சரி, நொறுக்கிப் போடுங்கள். சருகு கிடைக்காத மாதத்துக்குத் தென்னை நார்க்கழிவு கட்டி ஒன்றை நர்சரியில் வாங்கி உதிர்த்து வைத்துக்கொள்ளலாம். மரத்தூளும் ஆகும், பிளைவுட் அறுத்த தூள் மட்டும் வேண்டாம். தொடங்கும்போது புளித்த மோர் ஒரு டம்ளர் அல்லது கொஞ்சம் சாணிக் கரைசல் தெளித்தால் போதும். அதற்கென்று கடையில் விற்கிற பொடியை வாங்க வேண்டியதில்லை.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலில் ஈரம் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் சருகு, உதிர்ந்து போனால் கைத்தண்ணீர். சித்திரை வெயிலில் மாடியில் வைத்தது காய்ந்து மக்கவே மக்காது. அப்போது நிழலுக்கு இழுத்து வைத்துத் தெளியுங்கள்.

முடிந்தால் வாளியை மாற்றுங்கள். பக்கத்தில்தான் விளாச்சேரி. கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர் என்றாலும் பானை சட்டி வனைபவர்களும் உண்டு. வாய் அகன்ற பெரிய மண்பானை இரண்டு, பக்கவாட்டில் துளையோடு சொல்லி வாங்குங்கள். மண்பானையின் உடம்பு வழியாகவே ஈரம் கசியும், காற்றும் போகும். செங்கல் மேல் ஏற்றி, அடியில் தட்டு வைத்தால் வீட்டுக்காரம்மாவின் சுவரில் ஒழுகாது. ஒன்று நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததில் போடலாம். மூடியதை வாரம் ஒரு முறை கிளறினால் இரண்டு, மூன்று மாதத்தில் மண் வாசனையோடு கருப்பாக உதிரும்.

எண்ணெய், சாம்பார் மிச்சம், மீன், கோழி எலும்பு இவற்றைப் பானைக்குக் காட்டவே வேண்டாம். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். வாடிய மல்லிகைச் சரம் போடும்போது நாரில் கட்டியது என்றால் அப்படியே, நூலில் கட்டியது என்றால் உருவிவிட்டு.

புழுவைப் பற்றி: தட்டையாக, பழுப்பாக, கொஞ்சம் பெரிதாக இருந்தால் அது கருஞ்சிப்பாய் ஈயின் புழு. கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும், கெடுதல் கிடையாது. இதை வீட்டுக்காரம்மாவிடம் விளக்கி ஜெயிக்க முடியும் என்று நான் நம்பவில்லை! ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு அங்குலம் சருகு மூடினால் ஈ முட்டையிட வருவது வெகுவாகக் குறையும்.

இனி மக்காத குப்பை. இதிலும் ஈரம்தான் எதிரி. பரோட்டா பார்சலில் வந்த சால்னா கவரை அப்படியே கட்டிப் போட்டால், அதோடு இருக்கும் பேப்பர், அட்டை எல்லாம் எண்ணெய் ஆகிவிடும், பழைய பேப்பர் கடைக்காரர் தொட மாட்டார். ரப்பர் பேண்டைக் கழற்றி, கவரை வெட்டி விரித்து, பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே அலசி, பால் கவரோடு கொடியில் போட்டுவிடுங்கள். சுத்தமான கவருக்கு மதிப்பு உண்டு. உங்கள் பக்கத்திலேயே, தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் ஆர். வாசுதேவன் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தது இந்த மாதிரிக் கவரை வைத்துத்தான். சூடாக்கிய ஜல்லியில் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவினால் உருகிப் பூச்சாகப் படியும், அதன் மேல் தார் கலப்பார்கள். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்த முறையிலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் வகையைச் சேர்ப்பதில்லை, சூடானால் நச்சு வாயு வரும். காலி மனையில் எரிப்பவர்கள் எது பி.வி.சி. என்று பார்த்தா எரிக்கிறார்கள்? குறைந்த சூட்டில் புகைந்து எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வெளியேறும். அந்தப் புகை மாடியில் தூங்கும் உங்கள் குழந்தைக்குத்தான் முதலில் வரும். சாம்பலைச் செடிக்கும் போடாதீர்கள். திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே தடை செய்துவிட்டன.

டயபர் மக்காது, எரிக்கவும் கூடாது, கழிவறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, சுருட்டி, செய்தித்தாளில் பொதிந்து தனிப் பையில் கொடுங்கள். நாப்கினுக்கும் இதேதான். தூய்மைப் பணியாளர் கையால் பிரிக்கிறார் என்பதால் பொட்டலத்தின் மேல் பேனாவால் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். பகலில் வீட்டில் இருக்கும்போது பழைய வேட்டித் துணி கட்டினால் இந்த மூட்டையே பாதியாகும். பேட்டரி, பல்பு, உடைந்த கண்ணாடி இவற்றுக்கு வேறு டப்பா.

வண்டி வராத நாளைப் பற்றிக் கேட்டீர்கள். காய்கறிக் கழிவு பானைக்குப் போய்விட்டால், உலர்ந்த குப்பை மூட்டை ஒரு வாரம் மூலையில் கிடந்தாலும் நாறாது. தினமும் வண்டிக்குக் கொடுக்க வேண்டியது டயபர் பொட்டலமும் சமைத்த மிச்சமும்தான். அந்த மிச்சத்தைப் பாலிதீன் பையில் முடிந்து தெருமுனையில் வைக்காதீர்கள், மாடு பையோடு சேர்த்துத் தின்றுவிடும். மாடு வைத்திருப்பவர் தெருவில் இருந்தால், கழுநீரோடு சேர்த்து எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.