ஆண்ட்ரோமெடா நம் பால்வெளியோடு மோதும்போது மனித இனம் என்னவாகும்?

மோதலால் மனித இனம் அழியாது. அதோடு, மோதல் நடக்குமா என்பதே இப்போது சந்தேகம்.

பால்வெளியைப் போலவே ஆண்ட்ரோமெடாவும் ஒரு கேலக்ஸி, அதாவது மாபெரும் விண்மீன் கூட்டம். அது சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, நொடிக்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டர் வேகத்தில் பால்வெளியை நெருங்குகிறது. 2012-ல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் தரவை வைத்து, இன்னும் 400 கோடி ஆண்டுகளில் நேருக்கு நேர் மோதும் என்றார்கள். 2025-ல் ஹெல்சின்கி ஆய்வாளர்கள் தலைமையிலான குழு கையா விண்கலத்தின் அளவீடுகளையும் சேர்த்துக் கணக்கிட்டது. அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் இரண்டும் இணைய பாதிக்குப் பாதிதான் வாய்ப்பாம். பெரிய மெகல்லன் மேகம் என்ற நம் துணை கேலக்ஸியின் ஈர்ப்பு இந்தக் கணக்கை மாற்றிவிட்டது.

சரி, மோதினால்? சூரியனை 1 மில்லிமீட்டர் கடுகாகச் சுருக்கினால் அடுத்த விண்மீன் 29 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். விண்மீன்கள் ஒன்றையொன்று முட்டுவது அபூர்வம். வாயு மேகங்கள்தான் மோதி நசுங்கும், அதில் புது விண்மீன்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கும். ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும் ஆன்டெனா கேலக்ஸிகளில் இன்று அதைப் பார்க்கலாம்.

நமக்கான கெடு சூரியனிடம் இருக்கிறது. இன்னும் சுமார் 100 கோடி ஆண்டுகளில் அதன் ஒளி 10 சதவீதம் கூடும். பூமியின் கடல்கள் வற்றத் தொடங்கும். அதற்குள் கிளம்ப முடியுமா? முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். வாயேஜர் 1 விண்கலம் போகும் வேகத்தில் அடுத்த விண்மீன் வரையிலான தூரத்தைக் கடக்கவே சுமார் 75,000 ஆண்டுதான். 100 கோடி ஆண்டில் அப்படி 13,000 பயணம் அடங்கும். அவ்வளவு காலம் பழுதாகாத கலத்தையும் அதற்குள் உயிர் பிழைக்கும் சமூகத்தையும் உருவாக்குவதுதான் பெரும் பாடு.

என்னை உண்மையில் வருத்துவது இன்னொன்று. பிரபஞ்சம் விரிவது வேகமெடுத்துக்கொண்டே போகிறது. 10,000 கோடி ஆண்டுகள் தாண்டினால், நம் ஈர்ப்புக் குழுவுக்கு வெளியே உள்ள கேலக்ஸிகள் எல்லாம் பார்வைக்கு எட்டாமல் போய்விடும். மிஞ்சுவது பால்வெளி, ஆண்ட்ரோமெடா, சுற்றியுள்ள சிறு கேலக்ஸிகள் மட்டுமே. அதனால் ஆண்ட்ரோமெடா நெருங்கி வருவது எனக்குப் பயமாக இல்லை, ஆறுதலாகத்தான் இருக்கிறது. அன்று இருப்பவர்கள் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்துப் பார்த்தாலும், பிரபஞ்சம் விரிகிறது என்று காட்ட வெளியே ஒரு கேலக்ஸியும் தெரியாது. நாம் இன்று எடுத்து வைக்கும் வான்படங்கள் அதுவரை தப்பினால்தான் அவர்களுக்கு அது தெரியவரும்.