இதயத்தில் கோளாறு இல்லை, வலி மட்டும் ஏன்?

கேள்வி: எனக்கு வயது 42. ஆறு மாதமாக இடது மார்புப் பக்கம் அடிக்கடி வலி. சில நாள் குத்துகிறது, சில நாள் எரிகிறது. இசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தாயிற்று, இதயத்தில் ஒன்றுமில்லையாம். வீட்டில் ‘கேஸ்தான்’ என்கிறார்கள். வேறு என்னவாக இருக்கும்?
– வாசகி, திருச்சி

பதில்: ‘கேஸ்’ என்பது நோயின் பெயர் அல்ல, காரணம் தெரியாதபோது எல்லோரும் சொல்லும் பதில். குத்தல், எரிச்சல் என இரண்டு வலிகளை எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில் குத்தல். வலிக்கும்போது, நடு மார்பெலும்பின் இடது ஓரத்தில் ஒற்றை விரலால் ஒவ்வொரு விலாவாக அழுத்திக்கொண்டே இறங்குங்கள். 2 முதல் 5 வரையிலான விலாக்கள் குருத்தெலும்போடு சேரும் இடத்தில் ‘ஆ, இதுதான்’ என்று அதே வலி கிளம்பினால், ‘கோஸ்டோகாண்ட்ரைட்டிஸ்’ என்ற குருத்தெலும்பு அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். பெண்களுக்கே இது கூடுதலாக வருகிறது. சிலிண்டரைத் தூக்கியது, வாரக்கணக்கில் இருமியது என ஏதாவது காரணம் இருக்கும். பலருக்குக் காரணமே தெரியாது. 15 நிமிட வெந்நீர் ஒத்தடம், பாரம் தூக்காமல் இருப்பது ஆகியவற்றால் சில வாரங்களில் தணியும். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். குத்தலுக்கென்று கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை வயிற்றைப் புண்ணாக்கும், எரிச்சலைக் கூட்டும். ஒரு வலிக்குப் போட்ட மாத்திரை இன்னொரு வலியை வளர்த்துக்கொண்டிருக்கலாம்.

எரிச்சல் சாப்பிட்ட பிறகோ, படுத்தாலோ, குனிந்தாலோ கூடினால் அது அமிலம் எதுக்களிப்பது. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் வகை மாத்திரையை வலி வந்த பிறகு போடுவதால் பெரிய பயன் இல்லை. காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, மருத்துவர் சொன்ன நாள் வரை, விடாமல் போட வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 செ.மீ. உயர்த்துங்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தாலும் உணவுக்குழாய் புண்ணாகும்.

உணவுக்குழாய் இறுகிப் பிடித்தால் மாரடைப்பு போலவே வலிக்கும். இதய வலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை அதையும் தணிக்கும் என்பதால், ‘மாத்திரைக்கு அடங்கியது, ஆகவே இதயம்தான்’ என்ற கணக்கு செல்லாது.

கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பின் வலது விலாவடியில் தொடங்கி தோள்பட்டை எலும்பு வரை வலித்தால் பித்தப்பைக் கல்லா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிந்து, சில நாளில் கொப்புளம் கண்டால் அது அக்கி. வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அக்கி எழுதிக்கொண்டு காத்திருக்காதீர்கள். படபடப்பு, விரல் மரத்துப்போதலோடு பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் இறங்குவது பதற்றத் தாக்குதலாக இருக்கலாம். இதுவும் நிஜமான வலிதான், நடிப்பு அல்ல.

ஆனால் நடந்தால் வந்து, நின்றால் அடங்கும் வலி என்றால், பழைய ரிப்போர்ட்டை நம்பி இருக்காமல் இதய மருத்துவரிடம் மீண்டும் சொல்லுங்கள். பெண்களுக்கு இதயத்தின் நுண் இரத்தக்குழாய்களில் கோளாறு இருந்து, ஆஞ்சியோவில்கூடத் தெரியாமல் போவதுண்டு. இறுக்கத்தோடு வியர்வை, மூச்சிரைப்பு, குமட்டல், தாடையிலோ கையிலோ வலி என்றால் விரலால் அழுத்திப் பார்க்கும் வேலையெல்லாம் வேண்டாம், 108ஐ அழையுங்கள்.

கேள்வி: மாதவிலக்குக்கு முன்பு மட்டும் இரண்டு மார்பும் கனத்து வலிக்கிறதே?
– வாசகி, கடலூர்

பதில்: ஹார்மோன் மாற்றத்தால் வருவது. அளவான, நன்கு தாங்கும் பிரா பாதி வேலையைச் செய்துவிடும். ஒரே இடத்தில் வலி நிலைத்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.