வியட்நாமில் 30 நாள், இரண்டு முதுகுப்பை: பணம் யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். முதல் முறையாக 30 நாள் விடுப்பு எடுத்து, முதுகுப்பையோடு வியட்நாமை வடக்கிலிருந்து தெற்கு வரை சுற்றப் போகிறோம். விமான டிக்கெட் போக 3,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறோம். இருவருக்கும் இது போதுமா? பணம் முழுவதையும் தன் கணக்கில் போட்டு, தன் கார்டிலேயே செலவழித்தால் கணக்குப் பார்க்கச் சுலபம் என்கிறார் அவர். ஹனோயில் பழைய பைக் ஒன்றை வாங்கி ஓட்டிப் போய், ஹோ சி மின் நகரத்தில் விற்றுவிட்டால் போக்குவரத்துச் செலவே கிடையாது என்பதும் அவருடைய யோசனைதான். நான் குடிக்கிற காபிக்குக்கூடக் கணக்கு எழுதுகிறவள். அவர் நேர் எதிர். என்ன செய்யலாம்?

பதில்: பணம் போதும். உங்கள் கணவரின் இரண்டு யோசனைகள்தான் போதாது. செலவை இருவரும் சேர்ந்து செய்யுங்கள். ஆனால் பணத்தை எட்டும் வழி இருவருக்கும் தனித்தனியாக இருக்கட்டும். தெரியாத ஊரில் ஜோடியாகப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அவர் சொல்கிறபடி எல்லாம் ஒரே கார்டில் இருக்கிறது என்று வையுங்கள். ஏடிஎம் அந்தக் கார்டை விழுங்கிவிட்டால், அல்லது வெளிநாட்டில் பணம் எடுப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு வங்கி முடக்கிவிட்டால், இரண்டு பேருமே ஒரே நொடியில் கையில் காசில்லாமல் நிற்பீர்கள். அதனால் ஆளுக்கு ஒரு வங்கி, ஆளுக்கு ஒரு கார்டு. முடிந்தால் ஒன்று விசா, மற்றது மாஸ்டர்கார்டு. ஒருவர் கார்டு இன்னொருவர் பையில் இருக்கக் கூடாது. பலர் மறந்துவிடுவது ஓடிபி. உங்கள் ஊர் சிம்முக்கு வரும் குறுஞ்செய்தி இல்லாமல் பல வங்கிப் பரிமாற்றங்கள் நடக்காது. இருவர் சிம்மிலும் ரோமிங்கைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள், இணையத்துக்கு அங்கே தனியாக ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு போன் தொலைந்தாலும் இன்னொன்றில் வங்கியோடு பேச முடியும்.

இனி 3,000 டாலரைப் பிரிப்போம். மின்விசா ஒருமுறை நுழைவதற்கு ஆளுக்கு 25 டாலர், பலமுறை நுழைவதற்கு 50. 2023 ஆகஸ்ட் முதல் இது 90 நாள் வரை செல்லும். நடுவில் அங்கோர் வாட் பார்த்துவிட்டு வரலாம் என்று கம்போடியாவுக்குள் கால் வைத்தால், ஒருமுறை விசா அத்தோடு முடிந்தது. அந்த ஆசை இருந்தால் முதலிலேயே 50 டாலர் விசாவை எடுத்துவிடுங்கள். 'கவ் டாட் விஎன்' என்று முடியும் அரசுத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். தேடலில் மேலே வந்து நிற்பவற்றில் பல, அதே விசாவுக்குக் கூடுதல் பணம் வாங்கும் இடைத்தரகர்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். எழுத்துப் பிழைக்காகக் கட்டணம் திரும்பி வராது.

விசாவுக்கு 50, காப்பீட்டுக்கு ஏறக்குறைய 100, தொடவே கூடாத அவசர இருப்பு 600, ஹாலோங் விரிகுடாவில் படகில் ஓர் இரவு, ஹா ஜியாங் மலைப்பாதை போன்ற பெரிய செலவுகளுக்கு 450. மிச்சம் 1,800, அதாவது நாளைக்கு இருவருக்கும் 60 டாலர். ஒரு டாலரை வியட்நாம் பணத்தில் ஏறக்குறைய 26,000 டோங் என்று கொண்டால் 15 லட்சத்து 60 ஆயிரம் டோங். சுத்தமான இரட்டை அறை 15 முதல் 25 டாலருக்குள் கிடைக்கும். தெருவோரக் கடையில் ஃபோ (நூடுல்ஸ் சூப்), பான் மீ (வியட்நாம் சாண்ட்விச்) என்று சாப்பிட்டால் மீதியில் பேருந்தும் நுழைவுச்சீட்டும் அடங்கும். தனியாகப் போகிறவரைவிட ஜோடிக்கு லாபம் அறையில்தான். சாப்பாட்டிலும் டிக்கெட்டிலும் தள்ளுபடி ஒன்றும் இல்லை. டெட் புத்தாண்டை ஒட்டிப் போனால் இந்தக் கணக்கு நிற்காது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் அந்த நாட்களில் ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும், டிக்கெட் கிடைக்காது, பல கடைகள் பூட்டியிருக்கும். ஒருவேளை உங்கள் பட்டியலில் சோன் டூங் குகை இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். அந்தப் பயணம் ஒருவருக்கே 3,000 டாலர். அந்தக் குகை இருக்கும் ஃபொங் ந்யா பகுதியிலேயே சில டாலர் டிக்கெட்டில் பார்க்கிற பிரமாண்டமான குகைகள் இருக்கின்றன.

பைக் விஷயத்துக்கு வருகிறேன். ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் ரயில் பாதையில் 1,726 கிலோமீட்டர். ஹுவேக்கும் டா நாங்குக்கும் இடையே ஹாய் வான் கணவாயில் கடலைப் பார்த்தபடி ஓட்டும் ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் நிதிக் கணக்கில் இது மோசமான பேரம். விற்கிற இடத்தில் உங்கள் விமானம் எப்போது என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். கடைசி நாளில் அவர் சொன்னதுதான் விலை. வழியில் ஆகும் பழுதுச் செலவு தனி. கைமாறிக் கைமாறி வந்த வண்டியின் 'நீல அட்டை' எனப்படும் பதிவு அட்டை பெரும்பாலும் யாரோ ஒருவர் பெயரில்தான் இருக்கும்.

இதெல்லாம் சில்லறை நஷ்டம். பெரிய நஷ்டம் உரிமத்தில் இருக்கிறது. அங்கே 50 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு உரிமம் கட்டாயம். வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி வழங்கப்பட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதியை. இந்தியாவில் தரப்படுவது 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படியானது, அது அங்கே செல்லாது. வாடகைக் கடைக்காரர் இதையெல்லாம் கேட்க மாட்டார், சாவியை நீட்டிவிடுவார். கேட்கப் போவது காப்பீட்டு நிறுவனம். ஓட்டும் நாட்டில் செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டி அடிபட்டால் பணம் கிடையாது என்று பெரும்பாலான பயணக் காப்பீடுகளின் விலக்குப் பகுதியில் இருக்கும். எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை, மோசமானால் பாங்காக்கிற்கோ சிங்கப்பூருக்கோ மருத்துவ விமானம் என்று போனால் செலவு பத்தாயிரக்கணக்கான டாலருக்கு ஏறும். அதிலும் ஒரே வண்டியில் முன்னும் பின்னும் உட்கார்ந்திருப்பது குடும்பத்தின் இரண்டு சம்பளங்களும்.

அதற்குப் பதில் இரவு ரயிலில் படுக்கை எடுங்கள். அன்றைய அறை வாடகை மிச்சம். ஹா ஜியாங்கில் 'ஈஸி ரைடர்' என்று உள்ளூர் ஓட்டுநர்கள் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறார்கள். நான் ஒதுக்கச் சொன்ன 450 டாலரில் பெரும்பங்கு அதற்குத்தான். அப்போதும் பின்னால் உட்கார்ந்து போவதைப் பாலிசி ஏற்கிறதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ரொக்கமா கார்டா என்றால், அங்கே சின்னக் கடைகளும் சந்தைகளும் ரொக்கத்தில்தான் ஓடுகின்றன. பல ஏடிஎம்கள் ஒரு தடவைக்கு 20 அல்லது 30 லட்சம் டோங்குக்கு மேல் தராது, ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு. அதிகம் தரும் இயந்திரத்தைத் தேடி, அரிதாக, மொத்தமாக எடுங்கள். 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா' என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் உங்கள் வங்கி போடுவதைவிட மோசமாகவே இருக்கும். டாலர் நோட்டு கொண்டுபோனால் வங்கியிலோ அனுமதி பெற்ற கவுன்ட்டரிலோ மாற்றுங்கள். 2018இல் கான் தோ நகரில், அனுமதி இல்லாத நகைக்கடையில் 100 டாலர் மாற்றிய ஒருவருக்கு 9 கோடி டோங் அபராதம் விதித்தார்கள். பிறகு தள்ளுபடி செய்தார்கள் என்றாலும் சட்டம் இருக்கிறது. 20,000 டோங் நோட்டும் 5 லட்சம் டோங் நோட்டும் இரண்டுமே நீலம். முதல் நோட்டின் மதிப்பு முக்கால் டாலர், இரண்டாவதன் மதிப்பு 19 டாலர். இருட்டில் டாக்ஸிக்குக் கொடுக்கும்போது பயணிகள் இதைத்தான் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். 5 லட்சம் நோட்டைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள்.

கடைசியாக, உங்கள் இருவரின் சுபாவம். அறை, சாப்பாடு, பேருந்துக்கு ஒரு பொதுப் பர்ஸ். அதை ஒருநாள் விட்டு ஒருநாள் மாறி மாறி வைத்திருங்கள். வாங்குகிற காபிக்கு என்ன விலை என்று அவருக்கும் தெரிய வரும். நாளைக்கான 60 டாலரிலேயே ஆளுக்கு 5 டாலரை ஒதுக்கிவிடுங்கள். அதை அவர் பீருக்குக் கொடுத்தாலும் சரி, நீங்கள் சேர்த்து வைத்து ஹோய் ஆனில் உடை தைத்துக்கொண்டாலும் சரி, மற்றவர் கேட்கக் கூடாது, நோட்டிலும் எழுதக் கூடாது. பொதுப் பர்ஸின் கணக்கை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் பாருங்கள். முதல் வாரம் செலவு கட்டாயம் கணக்கைத் தாண்டிப் போகும், எல்லாருக்கும் அப்படித்தான். அதற்காக 600 டாலர் இருப்பைத் தொடாமல் இரண்டாம் வாரத்தில் ஓர் ஊரைக் குறையுங்கள். திரும்பும்போது மிஞ்சும் டோங்கை அங்கேயே மாற்றிவிடுங்கள். நாட்டுக்கு வெளியே அதை வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பது கடினம்.