நர்ஸம்மா பதில்கள்: ஆஸ்திக்கு ஒன்று

கேள்வி: எனக்கு முதல் குழந்தை பெண். இப்போது நான்காம் மாதம். ‘கொள்ளி வைக்க ஒரு ஆம்பளப் புள்ள வேணும்’ என்று மாமியார் வாரம் ஒரு கோயிலுக்குக் கூட்டிப் போகிறார். ஷூ கம்பெனியில் என் பக்கத்து மிஷினில் தைக்கும் முஸ்லிம் தோழி, ‘எங்க மார்க்கத்துல இதெல்லாம் கிடையாது’ என்கிறாள். இந்த ஆண் பிள்ளை ஆசைக்கு நம் மதம்தான் காரணமா அக்கா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: கோயிலுக்குப் போ கண்ணு, தப்பில்லை. படி அதிகமுள்ள மலைக்கோயில் என்றால் மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறு.

பிரசவ வார்டு கதவைத் திறந்து வந்து ‘பொண்ணு’ என்று நான் சொன்னது ஆயிரக்கணக்கான தடவை இருக்கும். பேரணாம்பட்டு பாய் வீடு, காட்பாடி கிறிஸ்தவ வீடு, எங்கள் தெருக்காரர் வீடு, எதுவானாலும் ஒரு நொடி யாரும் பேசமாட்டார்கள். அப்புறம் ஒரு கிழவி, ‘சரி, தாயும் புள்ளையும் நல்லா இருந்தா சரி’ என்பாள். பையன் என்றால் அந்த ‘சரி’ வராது. நான் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாக்கள் பையனுக்கு 500, பெண்ணுக்கு 300 என்று கை நீட்டுவார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அந்த ரேட்டில் மதம் பார்த்ததே இல்லை.

தோழி சொல்வது பொய்யில்லை. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று கேட்கப்படும் நாளைப் பற்றி குர்ஆன் பேசுகிறது. ஆனால் குழந்தை பிறந்ததற்காக ஆடு அறுக்கும் அகீகாவுக்குப் பையன் என்றால் இரண்டு ஆடு, பெண் என்றால் ஒன்று என்பதையும் அவளிடமே கேட்டுக்கொள். நம் பக்கம் ‘புத்’ என்ற நரகத்திலிருந்து காப்பவனே புத்திரன் என்று மனுஸ்மிருதி எழுதி வைத்திருக்கிறது.

சீக்கியர்களின் நெறியிலோ பெண் குழந்தையைக் கொல்பவனோடு உறவே கூடாது. ஆனால் 2011 கணக்கெடுப்பில், ஆறு வயது வரை உள்ள 1000 சீக்கியப் பையன்களுக்கு 828 பெண்கள்தான் இருந்தார்கள். 2001-ல் இன்னும் மோசம், 786. அதே 2011-ல் எறும்பை மிதிக்க அஞ்சும் சமணத்தில் 889, இந்துக்களில் 913, முஸ்லிம்களில் 943, கிறிஸ்தவர்களில் 958. இயற்கையின் போக்கில் விட்டால் பிறப்பில் 950 பக்கம் வரும். இதைப் பார்த்ததும் மதங்களுக்கு மார்க் போடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்துக்களே பெரும்பான்மையாக உள்ள ஹரியானாவில் அதே வருஷம் 834, இந்துக்களே பெரும்பான்மையாக உள்ள நம் தமிழ்நாட்டில் 943. சாமி அங்கேயும் அதே சாமிதானே?

அவ்வளவு தூரம் எதற்கு, கே.வி.குப்பம் வட்டாரத்தை எடுத்துக்கொள். 1980-களின் கடைசியில் அங்கே 12 கிராமங்களில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1992-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஆறு கிராமங்களில் பெண்சிசுக்கொலை நடந்திருந்தது, மற்ற ஆறில் இல்லை. கூப்பிடும் தூரத்தில் இருக்கும் ஊர்கள். ஒரே ஆடிக்கூழ், ஒரே அம்மன்.

உன் மாமியார் இன்னொன்றும் சொல்லியிருப்பாரே, ‘ஆசைக்கு ஒரு பொண்ணு, ஆஸ்திக்கு ஒரு ஆணு’ என்று. அதில்தான் விஷயம் இருக்கிறது. என் அப்பாவுக்கு நாங்கள் மூன்றும் பெண்கள். அவர் இறந்த அன்று, நாங்கள் அதுவரை பார்த்திராத பெரியப்பா மகன் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். பாசம் என்று நினைத்து நான் அழுதேன். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என் காதில், ‘கொள்ளி வச்சவன் நாளைக்குக் கெணத்துல பங்கு கேப்பான், நீ போய் வை’ என்றாள். பாலாற்று மணலில் பங்காளிகள் ஒரே கூச்சல், சாஸ்திரம் என்ன, சம்பிரதாயம் என்ன என்று. வெட்டியான் பெரியவர்தான், ‘யாரு வச்சா இன்னா, பொழுது போவுது, வைம்மா’ என்றார். வைத்தேன். எரிந்தது. அந்தக் கிணறு இன்றும் எங்கள் மூவர் பெயரில் இருக்கிறது.

அதனால் மதத்தைச் சும்மா விட்டுவிடு என்று சொல்லவில்லை. நிலமும் சீர்செனத்தியும் வயதான காலத்துச் சோறும் போடும் கணக்குக்கு மதம் மந்திரம் எடுத்துக் கொடுக்கிறது. தேடினால் வேறு மந்திரமும் கிடைக்கும். அடுத்த வாரம் மாமியாரை வள்ளிமலைக்குக் கூட்டிப் போ. வேடர் தலைவன் நம்பிக்கு வீடு நிறைய ஆண் பிள்ளைகள், பெண் இல்லையே என்று ஏங்கித்தான் வள்ளிக்கிழங்குக் குழியில் வள்ளியைக் கண்டெடுத்தான். வைகாசி முதல் தேதி நம்மூர் சிரசுத் திருவிழாவில் ரேணுகாவின் தலையைத் தாங்கி வருகிறோமே, அதை வெட்டியதும் பெற்ற மகன்தான். இதை மாமியாரிடம் சொல்லாதே. சொன்னாலும் நான் சொன்னதாகச் சொல்லாதே.

கேள்வி: மனைவிக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். ஆணா பெண்ணா என்று கேட்டால் டாக்டர் முறைக்கிறார். ஆந்திரா பக்கம் போனால் சொல்வார்களாமே? பெயர் தேர்ந்தெடுக்கத்தான் கேட்கிறோம்.
- வாசகர், காட்பாடி

பதில்: கருவில் ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாது என்பது 1994-ல் வந்த சட்டம் தம்பி, சித்தூர் ரோட்டில் எல்லையைத் தாண்டினால் அது மாறாது. தண்டனை சொல்லும் டாக்டருக்கு மட்டுமல்ல; கேட்கும் உங்களுக்கு 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். உங்கள் மனைவி கேட்டாலும், புருஷனோ வீட்டாரோ கட்டாயப்படுத்தித்தான் கேட்டிருப்பார் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும்.

பெயர்தானே? ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று எழுதி வையுங்கள். என் பழைய பதிவேட்டில் அடுத்ததாவது பையனாகப் பிறக்கட்டும் என்று வைத்த பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் உண்டு: போதும்பொண்ணு, வேண்டாமிர்தம், வேண்டா. அந்த ‘வேண்டா’ மட்டும் வேண்டாம்.