காதுல விழாத கிளிப்பர்ட்டன்

வணக்கம் அண்ணே,

நான் ஹாம் ரேடியோக்காரன். சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல 9வது மாடி, ஜன்னலோரமா மேக்னெடிக் லூப்னு ஒரு வளைய ஆன்டெனா, 100 வாட். நாய்ஸ், அதாவது பின்னணி இரைச்சல், மீட்டர்ல எப்பவும் எஸ்7, அதுக்குக் கீழ எதுவும் கேக்காது. என் கூட்டாளி ஒருத்தன் ஐரோப்பாவுல இருக்குற வெப்எஸ்டிஆர்ல (இன்டர்நெட்ல யாரும் கேக்கக்கூடிய ரிசீவர்) கேட்டுக்கிட்டு இங்கேருந்து டிரான்ஸ்மிட் பண்றான், எத்தனை நாடு, தீவுகளோட பேசுனோம்னு கணக்கு வெக்குற டிஎக்ஸ்சிசி விருதுல 200 தாண்டிட்டான். நான் ஆறு வருஷமா தட்டித் தடவி 87. அந்தப் பக்கத்து லாக்ல, அதாவது பேசுன பதிவேட்டுல, நம்ம கால்சைன் (ஸ்டேஷனோட அடையாள எழுத்து) வந்தா போதாதான்னு கேக்குறான். நான்தான் வீண் பிடிவாதம் பிடிக்கிறேனா?

அன்புள்ள தம்பி,

அவர் பண்றது தப்பு, இதுல இழுத்துப் பேச ஒண்ணுமில்ல. டிஎக்ஸ்சிசிய நடத்துற அமெரிக்க ஹாம் ரேடியோ சங்கம் ஏஆர்ஆர்எல்லோட விதியிலயே டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் 500 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள்ள இருக்கணும்னு இருக்கு. நெதர்லாந்துல ட்வென்ட்டே பல்கலைக்கழகத்து ரிசீவர்ல கேட்டுட்டு உட்லண்ட்ஸ்ல பதில் சொன்னா பேசுனது நீங்க, கேட்டது வேற யாரோட ஆன்டெனாவோ.

விதி ஒதுங்கிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் பெருசு. ஒரே நாட்டுக்குள்ள இருக்குற ஸ்டேஷன இன்டர்நெட் வழியா ஓட்டலாம்னு விடுறாங்க, எது வரைக்கும் போறதுங்கிறத அவங்கவங்க மனசாட்சிக்கே விட்டுடுறாங்க. அமெரிக்காக்காரர் கிழக்குக் கரை டவர்ல ஐரோப்பாவையும் மேற்குக் கரை டவர்ல ஆசியாவையும் ஒரே நாள்ல பிடிக்கலாம், கணக்கு ஒண்ணுதான். நம்ம ஊரு கையளவு, எங்கேருந்து ஓட்டுனாலும் அதே வானம்தான். காண்டாக்ட உறுதி பண்றதுக்கு ஏஆர்ஆர்எல் 2003லேர்ந்து நடத்துற எல்ஓடிடபிள்யூங்கிற ஆன்லைன் பதிவும் ரெண்டு லாக்லயும் கால்சைன், பேண்ட், மோட், நேரம் ஒத்துப்போகுதான்னுதான் பாக்கும், யாரு காதுல என்ன விழுந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்.

2024 ஜனவரியில கிளிப்பர்ட்டன்ல ஒரு குழு இறங்குச்சு, மெக்சிகோவுக்கு மேக்க பசிபிக்ல ஆள் குடியில்லாத பிரெஞ்சுத் தீவு. ஒரு நாள் காலையில ஏழரை மணி, 20 மீட்டர்ல சன்னமா வந்தாங்க, ஸ்பிளிட்ல, அதாவது அவங்க பேசுற அலைவரிசைக்குக் கொஞ்சம் மேல, கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன், "நைன் விக்டர் ஒன்"னு, சிங்கப்பூர் கால்சைனோட முன்பாதி, ஒரு குரல் வந்துச்சு, அதோட சிக்னல் அமுங்கிருச்சு, மிச்ச எழுத்து கேக்கவே இல்ல, மறுபடி எழும்பும்போது "ஃபைவ் நைன்"னு, சிக்னல் நல்லா இருக்குன்னு சொல்ற வழக்கமான வார்த்தை, மட்டும் கேட்டுச்சு. நானும் ஃபைவ் நைன்னு சொல்லிட்டேன். அதே நேரத்துல இங்கேருந்து இன்னொரு 9வி1 ஸ்டேஷனும் கூப்பிட்டுக்கிட்டு இருந்தத கேட்டிருந்தேன். சாயங்காலம் அவங்க ஆன்லைன் லாக்ல பாத்தா என் கால்சைன் இருக்கு. வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த விட்டுப்போன எழுத்து தொண்டையில மாட்டுன முள்ளு மாதிரியே இருந்துச்சு. தீவுல இருந்தவர் என்னைக் கேட்டிருக்கார், சரி, அவர் என்னைத்தான் கூப்பிட்டார்னு நான் கேட்டேனா? கேக்கல. அவங்க கிளம்புற வரைக்கும் தினம் காலையில கூப்பிட்டுப் பாத்தேன், கிடைக்கல. அந்த காண்டாக்ட நான் எல்ஓடிடபிள்யூவுல ஏத்தவே இல்ல. ஏத்தியிருந்தா யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க. இன்னிக்கும் என் பட்டியல்ல கிளிப்பர்ட்டனுக்கு நேரா வெத்து இடம்தான், பாக்கும்போதெல்லாம் வலிக்கத்தான் செய்யுது, ஆனா மாத்தணும்னு தோணல.

எஃப்டி8, அதாவது கம்ப்யூட்டர் வழியா சின்னச் சின்ன செய்தி அனுப்புற டிஜிட்டல் முறை, பண்றவங்களையும் உங்க கூட்டாளி மாதிரி ஆளுங்களோட சேக்குறாங்க, அது நியாயமில்ல. நாய்ஸுக்குள்ள முங்கிக் கெடக்குற சிக்னல உங்க வீட்டு ஆன்டெனாதான் பிடிக்குது, உங்க கம்ப்யூட்டர் பிரிச்சுக் குடுக்குது, அவ்வளவுதான். அடுக்குமாடி வீட்டுல இருக்குறவனுக்கு அது பெரிய வரம். டிஎக்ஸ்சிசியில டிஜிட்டலுக்குன்னு தனிச் சான்றிதழே இருக்கு.

டிஎக்ஸ்சிசி பட்டியல்ல நாடும் தீவுமா இப்ப 340 இருக்கு, ஹானர் ரோல்ங்கிற உச்ச வரிசைக்கு 331 வேணும், ஜன்னல் லூப்ப வெச்சுக்கிட்டு அது நம்ம ஆயுசுல நடக்குமான்னு தெரியாது. முதல் சான்றிதழுக்கு 100 போதும், உங்களுக்கு இன்னும் 13. அந்த 87ல ஒவ்வொண்ணும் எந்த நேரத்துல எப்படி வந்துச்சுன்னு உங்களால சொல்ல முடியும், கூட்டாளியால அவரோட 200க்கு அப்படிச் சொல்ல முடியுமான்னு கேட்டுப் பாருங்க.

முதல்ல அந்த எஸ்7ஐ கவனிங்க தம்பி. ரேடியோவ பேட்டரியில ஓட்டிக்கிட்டே வீட்டு மெயின் சுவிட்ச அணைங்க, மீட்டர் இறங்குச்சுன்னா சத்தம் உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு. அப்புறம் ஒவ்வொரு சுவிட்சா போட்டுக்கிட்டே வாங்க. எங்க வீட்டுல அது சாமி மாடத்து எல்இடி விளக்கோட அடாப்டர். மாத்துன அன்னிக்கே எஸ்4க்கு வந்துச்சு. உங்க வீட்டுல எதுன்னு கண்டுபிடிச்சதும் எழுதுங்க.